யாரும் தொடாத டிக் பெட்டி: பவர் ஆப்ஸ் போர்ட்டல் விவகாரம், 2021

2021 ஆகஸ்ட் 23 அன்று அப்கார்டு என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் போர்ட்டலில் கட்டப்பட்ட இணையதளங்கள் வழியாக 47 அமைப்புகளின் 3 கோடியே 80 லட்சம் பதிவுகள் லாகின் எதுவும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் படிக்கிற நிலையில் கிடந்தன என்பது அதன் சாரம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஃபோர்டு, சரக்குப் போக்குவரத்து நிறுவனமான ஜே.பி. ஹன்ட், நியூயார்க்கின் பெருநகரப் போக்குவரத்து ஆணையம், மேரிலாந்து, இண்டியானா மாநில அரசு அமைப்புகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. மென்பொருளைச் செய்த மைக்ரோசாஃப்டும் இருந்தது.

இதில் ஹேக்கர் என்று யாரும் தேவைப்படவில்லை. மென்பொருள் எப்படி எழுதப்பட்டதோ அப்படியேதான் ஓடியது. ஒரு டிக் பெட்டி மென்பொருளோடு வந்த நிலையிலேயே, அதாவது டிக் இல்லாமல், விடப்பட்டிருந்தது.

வணிக உத்தி மேலாண்மை மென்பொருளை வாங்கி அமைக்கிறவர்கள் இந்த விவகாரத்தைப் பாதுகாப்புத் துறைக்காரர்களின் சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காலாண்டு இலக்குகள், மதிப்பெண் அட்டை, திட்டங்களின் நிலவரம், யார் எதற்குப் பொறுப்பு என்கிற விவரம் எல்லாம் இன்று இதே மாதிரியான மேடைகளில்தான் ஏற்றப்படுகின்றன. ஏற்றுகிறவர்களும் இதே மாதிரியான ஆட்கள்: நிரல் எழுதத் தெரியாத, ஆனால் அலுவலக வேலை நன்றாகத் தெரிந்த ஒருவர், திங்கட்கிழமைக்குள் முடித்துத் தரச் சொல்லப்பட்டவர். டீஃபால்ட் அமைப்பு, அதாவது யாரும் மாற்றாவிட்டால் மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்ளும் அமைப்பு, என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது.

பின்னணி

பவர் ஆப்ஸ் ஒரு லோ-கோடு மேடை. படிவங்களையும் பட்டியல்களையும் இழுத்து வைத்து, நிரல் எழுதாமலே ஒரு செயலியை உருவாக்கிவிடலாம். தரவு டேட்டாவெர்ஸ் என்ற சேமிப்பில் டேபிள்களாக உட்கார்ந்திருக்கும். நிறுவனத்துக்குள் மட்டும் ஓடும் செயலிகள் ஒரு வகை. வெளியாட்களும் வந்து போகிற இணையதளங்கள் இன்னொரு வகை; அவற்றுக்குத்தான் போர்ட்டல் என்று பெயர். 2022-ல் அதைப் பவர் பேஜஸ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

கோவிட் காலம் இந்தக் கருவிக்குப் பெரிய வாய்ப்பைக் கொடுத்தது. தடுப்பூசிக்கு நேரம் பதிய ஒரு தளம், தொற்றாளர்களோடு தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறிய ஒரு தளம் என்று அரசுத் துறைகளுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் டெண்டர் விட்டுச் செய்யும் வேலையை வாரக்கணக்கில் முடிக்க லோ-கோடு உதவியது. அந்த வேகத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நேரத்தில் அது தேவைப்பட்டது.

இரண்டு பெட்டிகள்

போர்ட்டலில் ஒரு டேபிளின் பதிவுகளைப் பக்கத்தில் காட்ட 'லிஸ்ட்' என்ற உறுப்பைப் பயன்படுத்துவார்கள். அந்த லிஸ்டின் அமைப்புகளில் இரண்டு தனித்தனித் தேர்வுகள் இருந்தன. ஒன்று, ஓடேட்டா ஃபீட்டை இயக்குவது. அதை இயக்கினால் வேறு மென்பொருள்களும் அந்தப் பட்டியலை நேரடியாகப் படிக்கலாம். மற்றது, டேபிள் அனுமதிகளை இயக்குவது. எந்தப் பயனர் எந்தப் பதிவைப் பார்க்கலாம் என்று சரிபார்க்கும் காவல் அதுதான்.

முதல் பெட்டியில் டிக் போட்டு இரண்டாவதை அப்படியே விட்டால், ஃபீட் எந்தச் சோதனையும் இல்லாமல் உலகத்துக்கே திறந்துவிடும். இரண்டாவது பெட்டி டீஃபால்டாக அணைந்த நிலையில் வந்தது. அனுமதி விதிகளைத் தனியாக எழுதி வைத்திருந்தாலும்கூட, இந்தப் பெட்டியில் டிக் இல்லையென்றால் அந்த விதிகள் லிஸ்டுக்குப் பொருந்தாது. விதி எழுதியவர் தன் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார்.

திறந்து கிடந்ததைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. போர்ட்டல்கள் பெரும்பாலும் ஒரே பொது டொமைனின் கீழ்தான் இருந்தன. அந்த முகவரிகளைத் திரட்டி, பின்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்தாலே அந்தத் தளம் என்னென்ன ஃபீட்களைத் தருகிறது என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் ஏன் முதலிலேயே பூட்டி அனுப்பவில்லை என்று கேட்கத் தோன்றும். அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. தடுப்பூசி மையங்களின் பட்டியல் எல்லாரும் பார்க்க வேண்டிய தகவல். யாருக்கு எந்த மையத்தில் நேரம் ஒதுக்கப்பட்டது என்பது யாரும் பார்க்கக் கூடாத தகவல். இரண்டும் ஒரே போர்ட்டலில், பக்கத்துப் பக்கத்து டேபிள்களில் இருந்தன. பொதுத் தகவலை வெளியிடுவது சுலபமாக இருக்கட்டும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்ததில் தவறில்லை. அந்தச் சுலபத்தை எல்லா டேபிள்களுக்கும் ஒரே மாதிரிக் கொடுத்ததுதான் சிக்கல்.

கண்டுபிடிப்பும் பதிலும்

2021 மே 24 அன்று அப்கார்டின் ஆய்வாளர் ஒருவர் தனிநபர் விவரங்கள் திறந்து கிடந்த ஒரு லிஸ்டை முதலில் பார்த்தார். உரியவருக்குச் சொல்லி, அது மூடப்பட்டது. ஒன்று இருந்தால் இன்னும் இருக்கும் என்று தேடியபோது வரிசையாக வந்தன. கோவிட் தொடர்புத் தடமறிதல் விவரங்கள், தடுப்பூசி முன்பதிவுகள், வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்கள், ஊழியர் அடையாள எண்கள், பெயர்கள், மின்னஞ்சல்கள் எல்லாம் கிடைத்தன. மைக்ரோசாஃப்டின் உலகளாவிய சம்பளச் சேவைக்கான போர்ட்டலில் மட்டும் 3 லட்சத்து 32 ஆயிரம் மின்னஞ்சல் முகவரிகளும் ஊழியர் எண்களும் இருந்தன.

ஜூன் 24 அன்று அப்கார்டு மைக்ரோசாஃப்டின் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்படி புகார் அனுப்பியது. சில நாட்களிலேயே அந்தக் கோப்பு மூடப்பட்டது. இது வடிவமைத்தபடியே நடக்கிறது, குறைபாடு அல்ல என்று பதில் வந்தது. சட்டப்படி பார்த்தால் அந்தப் பதிலில் ஓட்டை இல்லை. டேபிள் அனுமதியை இயக்காவிட்டால் ஃபீட் அநாமதேயமாகத் திறந்திருக்கும் என்ற எச்சரிக்கை தயாரிப்பின் ஆவணத்திலேயே இருந்தது.

அதன்பிறகு அப்கார்டு ஒவ்வொரு அமைப்பையும் தானே தேடிப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாரும் நன்றி சொல்லவில்லை. சுமார் ஏழரை லட்சம் பேரின் தடமறிதல் விவரங்கள் தொடர்பாக இண்டியானா மாநிலம் வெளியிட்ட அறிவிப்பில், அந்தத் தரவை ஒரு நிறுவனம் முறையற்று அணுகியது என்றது. அப்கார்டு அதை மறுத்தது. கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல வந்தவரையே திருடன் மாதிரிப் பேசினால் அடுத்த முறை யார் வந்து சொல்வார்கள் என்பது இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிற கேள்வி. திறந்து கிடந்தது என்பதைத்தான் அறிக்கை காட்டியது. தரவு திருடப்பட்டது என்று அது சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தன் நிலையை மாற்றிக்கொண்டது. புதிதாக உருவாக்கப்படும் போர்ட்டல்களில் டேபிள் அனுமதி டீஃபால்டாகவே அமலாகும் என்றது. அநாமதேயமாகத் திறந்திருக்கும் லிஸ்டுகளைக் கண்டுபிடிக்க ஒரு சோதனைக் கருவியும் வந்தது.

யார் மேல் பழி?

வாடிக்கையாளர்கள் ஆவணத்தைப் படிக்கவில்லை என்று முடித்துவிடலாம். ஆனால் 47 அமைப்புகள் ஒரே தவறைச் செய்திருக்கின்றன; அவற்றில் ஒன்று அந்த ஆவணத்தை எழுதிய நிறுவனம். இந்த அளவுக்கு வந்த பிறகு கவனக்குறைவு என்ற விளக்கம் நிற்காது.

டீஃபால்டை மனிதர்கள் மாற்றுவதில்லை என்பது புதிய செய்தியும் அல்ல. 2001-ல் பிரிஜிட் மேட்ரியனும் டென்னிஸ் ஷியாவும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்தை ஆராய்ந்து எழுதினார்கள். ஊழியர்களைத் தானாகவே சேர்த்துவிடும் முறை வந்ததும் சேர்ந்தவர்களின் விகிதம் கணிசமாக ஏறியது. அதைவிட முக்கியமானது வேறு: அப்படிச் சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிறுவனம் வைத்திருந்த 3 சதவீதப் பங்களிப்பையும், அது தேர்ந்தெடுத்த நிதியையும் அப்படியே விட்டுவிட்டார்கள். சொந்தப் பணம், சொந்த முதுமை. அதிலேயே இப்படியென்றால், வேறு யாருடைய தரவுக்கோ ஒரு டிக் பெட்டியை யார் தேடிப் போவார்கள்? மெஸ்ஸில் இலைக்கு மேல் கையை நீட்டி மறிக்காவிட்டால் சாம்பார் விழுந்துவிடும். டீஃபால்டும் அப்படித்தான், மறிக்காதவர்களுக்கெல்லாம் சேர்த்து ஊற்றப்படுகிறது.

ஆனால் இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது சோம்பலைப் பற்றிய பாடம் அல்ல. அந்தப் போர்ட்டலைக் கட்டியவர் எப்படிச் சோதித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்தைத் திறந்தார், பட்டியல் வந்தது, எண்கள் சரி, மேலதிகாரியிடம் காட்டினார், பாராட்டும் கிடைத்திருக்கலாம். தவறான அமைப்பு அவர் கண்ணுக்கு வெற்றியாகவே தெரிந்தது. அதே பெட்டி பூட்டிய நிலையில் வந்திருந்தால்? பட்டியல் காலியாக வந்திருக்கும். 'ஏன் ஒன்றுமே வரவில்லை' என்று அன்றைக்கே ஹெல்ப்டெஸ்க்குக்கு அழைப்பு போயிருக்கும். யாராவது அனுமதிப் பக்கத்தைத் திறந்து, யார் யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்று முடிவெடுத்திருப்பார்கள்.

இரண்டு நிலையிலும் டீஃபால்ட் தவறாகப் போக வாய்ப்பு உண்டு. பூட்டிய நிலையில் தவறு சத்தம் போடும். திறந்த நிலையில் தவறு வாயே திறக்காது. ஒரு மென்பொருளின் டீஃபால்டுகளை அமைக்க உட்காரும்போது எதில் நேரம் செலவழிப்பது என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

அதே நிறுவனம், இன்னொரு டீஃபால்ட்

இதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2020 நவம்பரில், மைக்ரோசாஃப்டின் அலுவலக மென்பொருள் தொகுப்பான மைக்ரோசாஃப்ட் 365-ன் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' விவகாரம் நடந்தது. உத்தி மேலாண்மைக்கு இது இன்னும் நெருக்கமானது. ஒரு நிறுவனம் எவ்வளவு நன்றாக ஒருங்கிணைந்து வேலை செய்கிறது என்று மேலதிகாரிகளுக்கு மதிப்பெண் போட்டுக் காட்டும் பலகை அது. கடந்த 28 நாட்களில் ஒருவர் எத்தனை நாள் மின்னஞ்சல் அனுப்பினார், எத்தனை நாள் அரட்டையில் பேசினார், கூட்டங்களில் கேமராவைத் திறந்தாரா என்பதெல்லாம் டீஃபால்டாகப் பெயரோடு வந்தது. நிர்வாகி விரும்பினால் பெயரை மறைக்க முடிந்தது.

வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர் வுல்ஃபி கிறிஸ்டல் இதைச் சுட்டிக்காட்டியதும் பத்திரிகைகளில் பெரிதாக வெடித்தது. டிசம்பர் 1 அன்று மைக்ரோசாஃப்டின் துணைத் தலைவர்களில் ஒருவரான ஜாரெட் ஸ்படாரோ, அந்தக் கருவியிலிருந்து தனிநபர் பெயர்களை நீக்குவதாக அறிவித்தார். 2021 செப்டம்பர் 1 முதல் பொதுவான பயன்பாட்டு அறிக்கைகளிலும் பெயர்கள் டீஃபால்டாக மறைக்கப்பட்டன. அதாவது போர்ட்டலின் டீஃபால்ட் மாறிய அதே வாரங்களில்தான் இந்த டீஃபால்டும் மாறியது.

இது ஊழியர்களைக் கண்காணிக்கும் கருவி அல்ல என்று நிறுவனம் அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. அந்த எண்ணம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் டீஃபால்ட் வேறு மாதிரிப் பேசியது. பெயரோடு வந்த பலகை நிர்வாகிக்குப் பயனுள்ளதாகத் தெரியும், அவர் முறையிடப் போவதில்லை. யாருடைய பெயர் அதில் இருக்கிறதோ, அவருக்கு அப்படி ஒரு பலகை இருப்பதே தெரியாது. இங்கும் சத்தம் போட ஆளில்லை.

உத்தி மென்பொருளில் எங்கே பார்ப்பது

ஓ.கே.ஆர். (இலக்குகளையும் அவற்றை அளக்கும் முக்கிய முடிவுகளையும் எழுதி வைக்கும் முறை) கருவியோ மதிப்பெண் அட்டையோ, எதை வாங்கினாலும் முதல் நாள் அமைப்புப் பக்கத்தில் சில டஜன் டீஃபால்டுகள் காத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே தீவிரத்தோடு ஆராய்ந்தால் ஆறு மாதம் போய்விடும்.

நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதாக இருக்கும், நமக்கு ஏப்ரல். மாற்ற மறந்தாலும் கவலையில்லை. முதல் காலாண்டு அறிக்கை வந்ததுமே கணக்குப் பிரிவிலிருந்து யாராவது கத்துவார்கள். நாணயம், தேதி வடிவம், வாரத்தின் முதல் நாள், நினைவூட்டல் மின்னஞ்சல் எல்லாம் இதே ரகம். முன்னேற்றம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக நடக்கும் என்று கருவி எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் தானாகவே வெளிப்படும். தீபாவளிக்கு விற்கும் ஜவுளிக்கடையின் விற்பனை இலக்கு செப்டம்பர் வரை சிவப்பாகவே கிடந்தால் விற்பனை மேலாளர் சும்மா இருக்க மாட்டார்.

பார்க்க வேண்டியது, தவறாக இருந்தாலும் திரை அழகாகத் தெரியும் இடங்களை. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கூட்டிப் பார்க்கும் முறை. ஒரு பெரிய இலக்கின் கீழ் மூன்று சிறு இலக்குகள். பயிற்சி வகுப்பு நடத்துவது 100 சதவீதம், புதிய கையேடு வெளியிடுவது 100 சதவீதம், வாடிக்கையாளர் விலகலைக் குறைப்பது 10 சதவீதம். டீஃபால்டாகச் சம எடையில் சராசரி போட்டால் 70 வரும். 70-லிருந்து பச்சை என்பது டீஃபால்ட் எல்லையாக இருந்தால் பலகை பச்சை. விலகலுக்கு 60 சதவீத எடையும் மற்ற இரண்டுக்கும் தலா 20-ம் கொடுத்தால் அதே நிலவரம் 46 ஆகிவிடும். தரவு மாறவில்லை, ஆய்வுக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசுவார்கள் என்பது மாறுகிறது. பச்சையைப் பார்த்து யாரும் புகார் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த எடை என்பது ஒரு உத்தி முடிவு. ஆனால் அந்தப் பெட்டி இருப்பது ஐ.டி. நிர்வாகியின் திரையில். அவரிடம் கேட்டால் 'டீஃபால்டிலேயே இருக்கட்டும் சார்' என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். எதை முக்கியம் என்று கருத வேண்டும் என்பது அவர் வேலை இல்லையே. நிறங்களின் எல்லையும், எடையும், யார் எதைப் பார்க்கலாம் என்பதும் அந்த இலக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் பெயரில், தேதியோடு, ஒரு வரியாகவாவது எழுதப்பட வேண்டும். டீஃபால்டையே வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. யாரோ ஒருவர் வைத்துக்கொண்டார் என்று இருக்க வேண்டும்.

யார் பார்க்கலாம் என்ற விஷயத்தில் மட்டும், போர்ட்டல் விவகாரத்தைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் பூட்டுவதுதான் பாதுகாப்பு என்று போய்விடக் கூடாது. 1999-ல் முதலீட்டாளர் ஜான் டோர் கூகிளுக்கு ஓ.கே.ஆர். முறையைக் கொண்டுபோனபோது, இலக்குகள் நிறுவனத்துக்குள் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறாக இருந்தது. உத்திப் பலகை பூட்டப்பட்டுக் கிடந்தால் யார் சத்தம் போடுவார்கள்? பக்கத்துத் துறையின் இலக்கு தெரியவில்லையே என்று ஹெல்ப்டெஸ்க்கை அழைக்கிற ஊழியர் யாரும் இல்லை; தெரியாமலே வேலை செய்து பழகிவிடுவார். வாடிக்கையாளர் தரவில் மௌனமான தவறு திறந்திருப்பது. உத்தியில் மௌனமான தவறு பூட்டியிருப்பதாகவும் இருக்கலாம். ஆட்குறைப்புத் திட்டம், வேறு நிறுவனத்தை வாங்கும் பேச்சு போன்றவற்றை மூடிவிட்டு மற்றதைத் திறந்து வைப்பதே என் தேர்வாக இருக்கும்.

பதிப்பு மாறும்போது

ஆகஸ்ட் 2021 அறிவிப்பில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு சொல் 'புதிதாக'. டீஃபால்ட் மாறியது புதிதாக உருவாக்கப்படும் போர்ட்டல்களுக்கு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றின் சொந்தக்காரர்கள் தாங்களே சோதனைக் கருவியை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. 'மைக்ரோசாஃப்ட் சரி செய்துவிட்டது' என்ற தலைப்புச் செய்தியை மட்டும் படித்தவர்கள் தங்கள் பழைய லிஸ்டைத் திறந்தே வைத்திருக்க முடியும்.

உத்தி மென்பொருளிலும் விற்பனையாளர் ஒரு டீஃபால்டை மாற்றும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். பழைய இலக்குகள் பழைய விதியிலும் புதியவை புதிய விதியிலும் கணக்கிடப்படும். இரண்டும் ஒரே பலகையில் அருகருகே நிற்கும். இல்லையென்றால் எல்லாமே ஒரே இரவில் மாறி, போன காலாண்டோடு ஒப்பிட முடியாமல் போகும். அதனால் அமைப்புப் பக்கம் முழுவதையும் ஆண்டுக்கு ஒரு முறையும், ஒவ்வொரு பெரிய பதிப்பு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஏற்றுமதி செய்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட ஒருவரை நியமிக்க வேண்டும். ஏற்றுமதி வசதி இல்லாத கருவியென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாலும் போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, டீஃபால்ட் மாறினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, பழைய பதிவுகளுக்கு எந்த விதி என்ற இரண்டு கேள்விகளுக்கும் விற்பனையாளரிடம் எழுத்தில் பதில் வாங்கிவிடலாம்.